கரண்ட் போனால் கேட்கும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பஞ்சரில் கிடைத்தது. தாராபுரம் போகிற பஸ் அவிநாசிபாளையத்தில் டயர் வெடித்து நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். அதுவரை அத்தனை கடகடப்பிலும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை, சத்தம் நின்ற மறுநொடி விழித்து வீறிட்டது. என் முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

"எங்கூட்லயும் இப்படித்தானுங்க. கம்பெனிச் செவுத்துக்குப் பொறத்தால ஊடு. கரண்ட் போனாத்தான் எம்பையன் அழுவறதே எனக்குக் கேக்கும்."

டயர் மாற்றினார்கள். பஸ் கிளம்பியது. அவர் தொடர்ந்து ஏதோ சொல்லிக்கொண்டுதான் வந்தார். இன்ஜின் சத்தத்தில் ஒரு சொல்கூட என் காதுக்கு வரவில்லை. ஆகவே இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது.

அந்த வாக்கியத்தைக் கதையின் கடைசி வரியாக வைப்பது என்று முடிவு செய்திருந்தேன். பாருங்கள், முதல் பகுதியிலேயே கொட்டிவிட்டேன்.

2

எழுபதுகளின் தொடக்கம், மின்வெட்டுக் காலம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பின்சுவரை ஒட்டி ஒரு லைன் வீடு. அதில் ஒரு அறை, ஒரு ஆண், நடை பழகி முடித்த மூன்று குழந்தைகள். எளிதாக இருக்கும் என்று நினைத்து அறைக்குள்ளிருந்து தொடங்கினேன்.

முதல் தொடக்கம்: "மயில்சாமி மூன்று குழந்தைகளையும் வரிசையாகப் படுக்கவைத்து" — இப்படி ஒரு வாக்கியம் நடக்காது. மூன்றாவதைப் படுக்கவைக்கும்போது முதலாவது எழுந்து போயிருக்கும்.

இரண்டாவது: "சனாவுல்லா சொம்பைக் கையில் எடுத்து, அமைதியாக" — இரண்டு வயதுப் பையன் கையில் சொம்பு இருந்தால் அடுத்த சொல் 'அமைதியாக' அல்ல.

மூன்றாவது: "குமாரவேல்" — எழுதி நிமிர்வதற்குள் அவன் வாசல்படியில் இருந்தான்.

நான்காவது தொடக்கத்தை எழுதவில்லை. அறையை மயில்சாமியிடமே விட்டுவிட்டுச் சுவரைத் தாண்டிக் கம்பெனிப் பக்கம் வந்துவிட்டேன், அவன் மனைவி பழனாயியிடம். இது கோழைத்தனம் என்று நீங்கள் சொல்லலாம். அந்த மூன்று பேரையும் பார்த்துக்கொண்டபின் சொல்லுங்கள்.

3

முதலில் ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிவிடுகிறேன். (இந்த மாதிரி விஷயங்களை விளக்காமல் என்னால் இருக்க முடியாது. அவசரமாக இருப்பவர்கள் நான்காம் பகுதிக்குப் போகலாம். ஆனால் பிறகு புரியவில்லை என்று வந்து கேட்கக் கூடாது.)

லைன் வீட்டில் மூன்று பெண்கள்: பழனாயி, நூர்ஜான், ரங்காத்தாள். மூவருக்கும் அதே கம்பெனியில் கைமடி வேலை. அதாவது தையல்காரர் தைத்துத் தள்ளுகிற பனியனை வாங்கி, மடித்து, அடுத்த மிஷினுக்குத் தோதாக அட்டியாக அடுக்கித் தர வேண்டும். மூவருக்கும் ஆளுக்கொரு குழந்தை. பழனாயிக்கு மகள் மயிலாத்தாள், நூர்ஜானுக்கு சனாவுல்லா, ரங்காத்தாளுக்கு குமாரவேல். நடக்கத் தெரியும், எங்கே நடக்கக் கூடாது என்பது மட்டும் தெரியாது என்கிற வயது.

ரங்காத்தாள் மடத்துக்குளத்துக்காரி. அங்கே வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். இன்று ஒரு தோட்டம், நாளை அடுத்தது. அதையே குழந்தைகளுக்கும் வைத்துவிட்டாள். இன்று ஒருத்தி வீட்டிலிருந்து மூன்றையும் பார்ப்பாள், மற்ற இருவரும் வேலைக்குப் போவார்கள், நாளை அடுத்தவள். பேரும் அதேதான்: முறை. சட்டமும் அதேதான்: முறை வந்த அன்று மடையில் ஆள் நிற்க வேண்டும்.

அன்று பழனாயி வீட்டு முறை. ஆனால் மேஸ்திரி சாமியப்பன் முந்தின நாளே சொல்லிவிட்டார்: தீபாவளிச் சரக்கு, எல்லோரும் வந்தாக வேண்டும், வராதவள் மேசையில் வேறு ஆள் உட்காரும். ஆகவே பழனாயி தன் முறைக்குப் புருஷனை நிறுத்தினாள்.

"ஆம்பள கிட்டயா?" என்றாள் ரங்காத்தாள்.

"அவரும் பெத்தவருதானுங்கக்கா."

"ராத்திரி பூரா நிட்டிங் மிசினு ஓட்டிப்போட்டு வந்து நிக்கற மனுசன். எம்பையன் ரோட்டுக்குப் போனாக்கூடத் தெரியாம தூங்கிருவாரு."

"தூங்க மாட்டனுங்க" என்றான் மயில்சாமி. அந்த வாக்கியத்தின் பாதி கொட்டாவியில் போனது.

நூர்ஜான் சிரித்துவிட்டாள். "உடுங்கக்கா. எங்கூட்டுக்காரரு பனியன் மூட்டையத் தூக்கிட்டு ஊரு ஊரா யாவாரத்துக்குப் போயிட்டாரு. கேக்கறதுக்குக்கூட ஆளில்லை. இவராச்சும் கண்ணு முன்னாடி நிக்கறாரே."

"கண்ணு முன்னாடிதான் நிக்கறாரு. கண்ணு தொறந்திருக்குதான்னு பாரு."

ரங்காத்தாள் குமாரவேலை இறக்கிவிட்டாள். பிறகு பழனாயியைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னாள்: "இன்னிக்கு ஒரு நாளு. எம்பையன் இருந்தபடிக்கே எங்கைக்கு வந்தாச் செரி. இல்லீன்னா உங்கூடு முறையில இல்ல, பழனாயி. நாங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பாத்துக்கறோம். கோவிச்சுக்காதே."

முறையில் இல்லை என்றால் தினமும் பழனாயியே வீட்டில் இருக்க வேண்டும். தினமும் வீட்டில் இருந்தால் மேசை போய்விடும். சங்கதி அவ்வளவுதான்.

கிளம்பும்போதுதான் மயில்சாமி கக்கத்தில் இருந்த துணிச்சுருளைப் பழனாயி பார்த்தாள். கழிவு பனியன் துணி. நிட்டிங் மிஷினில் ஊசிகள் வட்டமாக நிற்பதால் துணி குழாயாகவே இறங்கும். பக்கவாட்டில் தையலே இருக்காது. ஒரு குழந்தையை உள்ளே போட்டு விட்டத்தில் கட்டினால் அருமையான தூளி என்று யாருக்கும் தோன்றும். ஆனால் பனியன் துணி முழுக்க முழுக்கக் கண்ணிகள். கனம் தொங்கினால் ஒவ்வொரு கண்ணியும் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும்.

"ஏனுங்க, அதுல தூளி கட்டிப்போடாதீங்க. இழுத்துட்டுத் தரைக்கு வந்துரும்."

"பனியன் துணியப் பத்தி எனக்குச் சொல்றயா நீயி?" என்றான் மயில்சாமி.

4

கம்பெனிக்குள் ஒரு நீளமான இரும்புத் தண்டு கூரைக்கடியில் சுற்றிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒவ்வொரு நிட்டிங் மிஷினுக்கும் ஒரு தோல் பட்டா இறங்கும். பட்டாவின் இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்திருப்பார்கள். அந்தத் தையல் மேடு சக்கரத்தில் ஏறும்போதெல்லாம் ஒரு 'டக்'. ஆகவே அந்தச் சுவருக்குப் பின்னால் பிறந்த குழந்தைகளுக்குத் தாலாட்டு இதுதான்: க்ர்ர்ர்ர்-டக், க்ர்ர்ர்ர்-டக். இதில் தூங்கும். இது நின்றால் விழிக்கும்.

தீபாவளி அவசரத்தில் மேசையிலேயே சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது.

தண்டு சட்டென்று நிற்காது. க்ர்ர்ர்ர்ர்-டக். க்ர்ர்ர்ர்ர்ர்ர்… டக். க்ர்ர்ர்… டக் வரவில்லை. சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு அழுகை வந்தது.

"எம்மவன்" என்றாள் நூர்ஜான்.

இரண்டாவது குரல் சேர்ந்தது. "இது எம்பட பையன்" என்றாள் ரங்காத்தாள். மூன்றாவது எது என்று பழனாயி சொல்லவில்லை.

"ஆரும் எந்திரிக்கப்படாது. கரண்ட் எப்ப வேணாலும் வந்துரும்" என்றார் சாமியப்பன்.

(அவரை வில்லனாக்க ஒரு வரைவில் முயன்றேன். வரவில்லை. கரண்ட் வரும்போது ஒரு கைமடி இல்லையென்றால் அந்தத் தையல்காரர் நிற்பார், அவர் நின்றால் அடுத்தவர் நிற்பார். சாமியப்பனுக்கும் மேலே ஒரு முதலாளி.)

மூன்று பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள்.

மயில்சாமியின் குரல் முதலில் தாலாட்டுப் பாடியது. அழுகை கூடியது. பிறகு, "சாமி… கண்ணு… உங்க கால்ல வேணா உளுகறன்…"

"உளுவட்டும்" என்றாள் ரங்காத்தாள்.

"டேய், அது அடுப்புடா! சாம்பல எடுத்து அவ வாயில ஏன்டா வெக்கறே? அட, நீயேன்டி தொறக்கறே?"

பழனாயி கண்ணை மூடிக்கொண்டாள். அந்தச் சுவர் ஒரு செங்கல் கனம்தான் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

"மேஸ்திரிங்க, ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்றனுங்க."

"உக்கோரு பழனாயி. உன்னிய உட்டா எல்லாரையும் உடோணும்."

அப்போது சுவருக்குப் பின்னால் இன்னொரு சத்தம்:

க்ர்ர்ர்ர்-டக். க்ர்ர்ர்ர்-டக்.

சாமியப்பன் நிமிர்ந்து தண்டைப் பார்த்தார். தண்டு நின்றபடியே இருந்தது. ஒரு தையல்காரர் பழக்கதோஷத்தில் பெடலை மிதித்துவிட்டு அசட்டுத்தனமாகக் காலை எடுத்தார்.

க்ர்ர்ர்ர்-டக். க்ர்ர்ர்ர்-டக்.

மயில்சாமி வாயால் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். வருஷக்கணக்காக ராத்திரி பூராவும் கேட்ட சத்தம், தையல் மேடு உட்பட அச்சாக. ஒரு அழுகை விக்கலாகி நின்றது. இன்னொன்று நின்றது. கம்பெனி முழுக்கச் சிரிப்பு.

"கரண்டே வேண்டாமுங்க மேஸ்திரி" என்றாள் நூர்ஜான். "அவரக் கொண்டாந்து பட்டாவுல மாட்டிருங்க."

"ஏம்புள்ள, உம்பட ஊட்டுக்காரரு தூக்கத்துலயும் இப்படித்தான் ஓடுவாரா?" என்று கேட்டாள் ரங்காத்தாள். அவள் சிரிக்காமல் இருக்கப் படாதபாடு பட்டாள். மூன்றாவது அழுகையும் அடங்கியதும் சொன்னாள்: "நிறுத்தாம ஓட்டுனாச் செரி."

பழனாயிக்கு மானம் போயிற்று. ஆனாலும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவளும் சிரித்தாள்.

இங்கே முடித்திருக்க வேண்டும். முடித்திருந்தால் நீங்களும் சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பியிருப்பீர்கள். ஆனால் அவன் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்தவன். அதை நான்தான் மூன்றாம் பகுதியில் எழுதித் தொலைத்திருக்கிறேன்.

5

க்ர்ர்ர்ர்ர்-டக்.

க்ர்ர்ர்ர்ர்ர்ர்… டக்.

பழனாயிதான் முதலில் கவனித்தாள். கரண்ட் போனால் தண்டு இப்படித்தான் இழுக்கும். க்ர்ர்ர்ர்…

டக் வரவில்லை.

சிரிப்பு நின்றது. அழுகையும் இல்லை. ரங்காத்தாள் தலையைச் சாய்த்துக் காதைச் சுவர்ப்பக்கம் கொடுத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

பிறகு 'தொப்' என்று ஒரு சத்தம்.

அதற்குப் பின்னால் ஒரு குழந்தை மூச்சை உள்ளே இழுத்தது. பெற்றவர்களுக்குத் தெரியும்: வெடித்துச் சிரிப்பதற்கு முன்னும் வெடித்து அழுவதற்கு முன்னும் அந்த மூச்சு ஒரே மாதிரிதான் இருக்கும். எது என்பது அடுத்த நொடி தெரியும்.

அடுத்த நொடி கரண்ட் வந்துவிட்டது.

6

க்ர்ர்ர்ர்-டக். இப்போது உண்மையான டக். தையல் மிஷின்கள் எல்லாம் ஒருசேர இரைந்தன. இனி சாயங்கால மணி வரை சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தாலும் கேட்காது.

பழனாயி மடித்துக்கொண்டே கணக்குப் போட்டாள். தூளியா? தூளியானால் தொப்பென்று விழாது. ஒவ்வொரு கண்ணியாக நெகிழ்ந்து, சத்தமே இல்லாமல் மெல்லத் தரைக்கு இறங்கும். அப்படியானால் தொப் என்றது அவர் தலையா? அவர் சாய்ந்துவிட்டாரா? சாய்ந்துவிட்டார் என்றால், தூளியில் இருந்தபடியே தரைக்கு வந்து சேர்ந்த பிள்ளை கண் விழித்தால் எழுந்து நடக்கும். மூன்றில் எது எழுந்து நடந்தாலும் வாசலைப் பார்த்துத்தான் நடக்கும்.

எனக்கு இங்கே மூன்று முடிவுகள் இருந்தன.

(அ) மயில்சாமி தரையில் கிடக்கிறான், அவன் வயிற்றின் மேல் மூன்றும் தூங்குகின்றன. — அழகாக இருக்கிறது. நான் நம்பவில்லை.

(ஆ) கதவு திறந்திருக்கிறது. குமாரவேல் — இதை முடிக்க மாட்டேன். இந்த வாக்கியத்தை எழுதுகிறவன் பிள்ளை பெற்றிருக்க மாட்டான்.

(இ) "பழனாயி எழுந்து"

இந்த மூன்றாவதை நாலைந்து தடவை எழுதினேன். எல்லாம் தோதாகத்தான் அமைந்தது. சாமியப்பன் மறுபக்கம் திரும்பினார். ரங்காத்தாள் கையை நீட்டி, பழனாயியின் அட்டியில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மீதியை நூர்ஜான் இழுத்துக்கொண்டாள். இரைச்சலில் பேச முடியாது. ரங்காத்தாள் கண்ணால் கதவைக் காட்டினாள். போ, நாங்க மடிச்சுக்கறோம். இத்தனைக்கும் அப்புறம் ஒரு பெண் எழுந்து போவதில் என்ன கஷ்டம்?

அவள் எழவில்லை.

ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு வெகு நேரம் ஆயிற்று. எழுந்து போனால், பெண்டாட்டிக்கே அவன் மேல் நம்பிக்கை இல்லை என்று ஆகும். பிறகு ரங்காத்தாள் மட்டும் எப்படி நம்புவாள்? உள்ளே மூன்றும் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தால்கூட, பழனாயி வாசலில் போய் நின்ற அந்த நொடியே அவள் வீட்டு முறை முடிந்துவிடும். போகாவிட்டாலோ, சாயங்காலம் வரை அந்த மூச்சு அவள் காதில் பாதியிலேயே நிற்கும்.

அவள் அட்டியைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டாள். மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். ரங்காத்தாள் அதைப் பார்த்தாள், ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. நானும் சுவருக்கு இந்தப் பக்கம்தானே நிற்கிறேன்.

7

ஆகவே நீங்கள் போய் வாருங்கள்.

இந்தக் கதையில் மேசை போய்விடும் என்ற பயம் இல்லாத ஆள் நீங்கள் ஒருவர்தான். சாமியப்பன் உங்களை ஒன்றும் சொல்ல மாட்டார். கம்பெனி வாசலிலிருந்து சுவரை ஒட்டியே பின்பக்கம் நடந்தால் லைன் வீடு. எந்தக் கதவு என்று கேட்காதீர்கள். தெருவைப் பார்த்துக்கொண்டே போங்கள், கதவை அப்புறம் பார்க்கலாம்.

தெருவில் யாரும் இல்லையென்றால் வாசலில் செருப்பைக் கழற்றுங்கள். கதவைத் தட்டாதீர்கள், ஒருவேளை தூங்கிக்கொண்டிருந்தால்? நாலு பேரில் யார் விழித்திருந்தாலும் இடுப்பில் தூக்கிக்கொள்ளுங்கள், மயில்சாமியைத் தவிர. அழுதால் என்ன சத்தம் போட வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். டக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

யாராவது வந்து நீங்கள் யார் என்று கேட்டால், இன்று பழனாயி வீட்டு முறை என்று சொல்லுங்கள்.