பதினொரு விநாடி மரியாதை

அந்தப் பெண்ணின் குரல் கொஞ்சம் சாதாரணமாக இருந்திருந்தால் எனக்குச் சந்தேகமே வந்திருக்காது. போனில் தேனாக ஒழுகினாள். நான் முப்பத்தொரு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். டிக்கெட் எடுக்காதவன்தான் நம்மைக் கண்டதும் எழுந்து வணக்கம் வைத்து, சாப்பிட்டாச்சா மேடம் என்று விசாரிப்பான். எடுத்தவன் வாயைத் திறந்துகொண்டு தூங்குவான்.

"அம்மா, இசைக் கலைஞர்கள் சங்கத்துல இருந்து பேசறேன். இந்த வருஷ விருது விழாவுல உங்க வீட்டுக்காரருக்கு மரியாதை செய்யணும்னு குழுவுல ஒருமனசா முடிவு பண்ணியிருக்காங்க. நல்ல போட்டோ ஒண்ணு வேணும்மா. சின்ன வயசுல எடுத்ததா இருந்தா இன்னும் நல்லது."

"அதை ஏன் என்கிட்ட கேக்கறீங்க?"

"குடும்பத்துல உள்ளவங்ககிட்டதானேம்மா கேக்கணும். அவசரமே இல்ல. உங்களுக்கு எப்ப முடியுதோ அப்ப அனுப்புங்க."

அவசரமே இல்லை என்றதும் எனக்குப் பொறி தட்டியது. எந்த ஆபீஸில் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்? பார்க்கறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

பக்கத்து அறையில் என் வீட்டுக்காரர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கீபோர்டைத் தட்டிக்கொண்டிருந்தார். ஊருக்கு அவர் சுருட்டை. இப்போது தலையில் ஒரு முடி இல்லை, பெயர் மட்டும் மிச்சம். மழைக்கோட்டுப் பாட்டு என்றால் எல்லோருக்கும் தெரியும். லிஃப்டில் கேட்கும், பல் டாக்டரிடம் காத்திருக்கும்போது கேட்கும், சூப்பர் மார்க்கெட்டில் சோப்பு எடுக்கும்போது கேட்கும். அதை எழுதி, மெட்டுப் போட்டு, மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு பாடியவர் இவர்தான் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது.

அந்தப் பாட்டு வந்த வருஷம் விருது கிடைக்கும் என்று ஊரே சொன்னது. கிடைக்கவும் செய்தது. இசைத்தட்டின் அட்டைப்படத்துக்கு! அட்டையை வரைந்தவன் மேடையேறிக் கோப்பையை வாங்கினான். அட்டைக்குள்ளே இருந்த பாட்டை அந்தக் குழுவில் ஒருவராவது கேட்டாரா என்று நான் இன்றைக்கும் கேட்பேன். அதற்கப்புறம் முப்பத்தெட்டு விழா. இவர் பெயர் பரிந்துரைப் பட்டியலில்கூட வரவில்லை. விழாவை டிவியில் போடும்போது இவர் செய்தித்தாளை முகத்துக்கு முன்னால் விரித்துக்கொள்வார். "இதெல்லாம் யாருக்கு வேணும்? குப்பை" என்பார். இரண்டு மணி நேரமும் ஒரு பக்கத்தைக்கூடத் திருப்ப மாட்டார்.

நான் பயந்தது இதற்குத்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் கோட்டுப் போட்ட ஒருவன் வீடு தேடி வந்து, வாழ்நாள் சாதனையாளர் விருது என்று காதில் பூ சுற்றிவிட்டுப் போனான். இவர் புதுக் கோட்டுத் தைத்தார், கண்ணாடி முன்னால் நின்று நன்றி உரையை ஒத்திகை பார்த்தார். விழாவும் இல்லை, அவனும் இல்லை. அதன் பிறகு ஆறு மாதம் கீபோர்டைத் தொடவில்லை. மனுஷன் அப்படியே சுருங்கிப்போனார். இன்னொரு தடவை அப்படி நடந்தால் இவர் எழுந்திருக்க மாட்டார். அதனால் உண்மை தெரிகிறவரை இவர் காதில் ஒரு வார்த்தை விழக்கூடாது என்று முடிவு செய்தேன். போட்டோவை மட்டும் அனுப்பினேன். போட்டோவில் என்ன போய்விடப் போகிறது?

இவர் மேலேயும் சந்தேகம் வந்தது. சாப்பிடும்போது சும்மா கேட்டேன், "சங்கத்துல இருந்து யாராவது கூப்பிட்டாங்களா?"

"எந்தச் சங்கம்?" என்றார். ஒரே ஒரு சங்கம்தான் இருக்கிறது. "எனக்கும் அவங்களுக்கும் ஒண்ணும் கிடையாது." அப்புறம் டம்ளர் நிறையத் தண்ணீர் இருக்கும்போதே தண்ணீர் எடுத்துவர எழுந்து போனார்.

எதையோ மறைக்கிறார். யார் காலிலாவது விழுந்து இந்த விருதைக் கேட்டிருப்பாரோ? அப்படியும் யோசித்தேன். அதைவிட மோசமாகவும் யோசித்தேன். சாகப்போகிறவர்களுக்குத்தான் இந்தச் சங்கம் அவசர அவசரமாக மரியாதை செய்யும், அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியாத ஏதாவது வியாதி அவர்களுக்குத் தெரிந்துவிட்டதோ? இவர் குளிக்கப் போன நேரத்தில் டாக்டர் ஃபைலை எடுத்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி. எல்லாம் பழைய உறவினர்கள்தான்.

தேன்குரல் மறுபடி கூப்பிட்டாள். "போட்டோ பிரமாதம்மா. உங்களுக்கு முன்வரிசையில ரெண்டு சீட். துணைக்கு யாரையாவது கூட்டிட்டு வாங்க."

"அவர் மேடையிலதானே?"

"ஆமாம்மா. பெரிய திரையில. கடைசியா, தனியா." குரல் இன்னும் இளகியது. "குடும்பத்தோட சம்மதம்னு ஒரு படிவம் இருக்கு. நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போட்டா போதும்."

கையெழுத்து! வந்துவிட்டதா விஷயத்துக்கு என்று நினைத்தேன். பாட்டின் உரிமையை எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். இந்தப் பருப்பெல்லாம் என்னிடம் வேகாது. மூட்டு வைத்தியரிடம் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, மறுநாள் காலை பத்து மணிக்கு நேராகச் சங்கத்துக்கே கிளம்பிவிட்டேன்.

இரண்டாவது மாடி. படியேறினதும் அட்டைப் பெட்டிகள், சுவரோரம் ஒரு அலமாரி, அதில் யாரும் வந்து வாங்காத கோப்பைகள். ஒன்றின் கைப்பிடி உடைந்து டேப் ஒட்டியிருந்தது. தேன்குரலுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல ஜலதோஷம், கையில் கைக்குட்டை. நான் யார் என்று சொன்னதும் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் சண்டைக்கு என்று வார்த்தைகளை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். கையைப் பிடித்துக்கொண்டவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

"நீங்களே வந்தது நல்லதாப் போச்சும்மா. ஒரு தடவை பார்த்துடுங்க. பிடிக்கலைன்னா மாத்திடலாம்."

பக்கத்து அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கணினியைத் தட்டினாள். மெல்லிய வயலின். ஒரு முகம் வந்து மறைந்தது. அடுத்து ஒரு முகம். அந்த அம்மா நிறைய விளம்பரங்களுக்குப் பாடியவர், இரண்டு மாதத்துக்கு முன்னால் பேப்பரில் படித்தேன். மூன்றாவது முகத்தின் கீழே இரண்டு வருஷங்கள், நடுவில் ஒரு கோடு. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இது போன விழாவுக்கு அப்புறம் செத்துப்போனவர்களின் படம்.

முகங்கள் நாலு நாலு விநாடியாகப் போய்க்கொண்டிருந்தன. வயலின் நின்றது. திரை ஒரு மூச்சு நேரம் கறுப்பாக இருந்தது. பிறகு என் வீட்டுக்காரர் வந்தார். இருபத்தேழு வயது, மழைக்கோட்டு, நெற்றியில் விழுகிற சுருட்டை முடி. கீழே பிறந்த வருஷம், ஒரு கோடு, போன வருஷம்.

பாட்டும் வந்தது. எல்லோருக்கும் தெரிந்த பல்லவி இல்லை. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் கீபோர்டு மட்டும் தனியாக ஏறி இறங்குகிற இடம். ரேடியோவில் அதை எப்போதும் வெட்டிவிடுவார்கள். அதுதான் பாட்டே, மற்றதெல்லாம் அதற்குப் போட்ட வேலி என்று இவர் நாற்பது வருஷமாகப் புலம்பிக்கொண்டிருக்கிற இடம்.

"பதினொரு விநாடிம்மா. மத்தவங்களுக்கு நாலுதான்" என்றாள். "கடைசி இடம் இருக்கறதுலயே பெரியவங்களுக்குத்தான் குடுப்போம். அந்த நேரம் அரங்கமே எழுந்து நிக்கும். அந்தப் பாட்டுத் துண்டை நான்தான் எடுத்தேன். காலேஜ் படிக்கறப்ப கேசட்டை அந்த இடத்துக்கே திருப்பித் திருப்பி ஓட்டி நாடா அறுந்துபோச்சு."

இவளைத்தான் நான் திருடி என்று நினைத்துக்கொண்டு வந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை.

"அவர் போயிட்டார்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"உறுப்பினர் அட்டை திரும்பி வந்துச்சேம்மா, போன வருஷம். எங்க சங்கத்துல எல்லாரும் ஆயுள் உறுப்பினர்தான். இதுவரைக்கும் யாருமே விலகினதில்ல. ஒருத்தர் காலமானா வீட்டுல உள்ளவங்க அட்டையைத் தபால்ல அனுப்பிடுவாங்க. நாங்களும் பேரை அந்தப் பட்டியலுக்கு மாத்திடுவோம். அந்த நேரத்துல போன் பண்ணி நோண்டறது நல்லாயிருக்காது பாருங்க."

"இந்த மரியாதையை உயிரோட இருக்கறவங்களுக்கு ஏன் செய்யறதில்ல?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உயிரோட இருந்தா யாராவது பரிந்துரைக்கணும், குழு ஒத்துக்கணும். நாலு பேர் எனக்கு ஏன் இல்லைன்னு சண்டைக்கு வருவாங்க. உங்க வீட்டுக்காரர் பேரை நானே ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேன், ஒருத்தரும் கண்டுக்கல. இதுல அந்தத் தொல்லை இல்லம்மா. யாரும் போட்டிக்கு வர மாட்டாங்க."

நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். அந்த மனுஷன் வீட்டில் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார் என்று கத்தியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். "இன்னொரு தடவை போடுங்க" என்றுதான் வந்தது. போட்டாள். அழுதேன். அவளும் கூட அழுதாள். படிவத்தை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, படியில் இறங்கும்போதுதான் அழுகை போய்க் கோபம் வந்தது. கோபம் எல்லாம் இவர் மேல்.

வீட்டுக்குள் நுழைந்து படிவத்தை இவர் முன்னால் மேஜையில் அடித்து வைத்தேன். "படிங்க. நீங்க செத்துப்போய் ஒரு வருஷம் ஆகுதாம்."

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். நான் போன் வந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அட்டையை அனுப்பினது நீங்கதானே?"

"ஆமா. பிஸ்கட் விளம்பரத்துக்குப் பாட்டுப் போட்டானே, அவனுக்கு வாழ்நாள் விருது குடுத்தாங்கல்ல, அதுக்கு மறுநாள்."

"கூட ஒரு கடுதாசி வைக்கக் கூடாதா? கோபத்துல விலகறேன்னு நாலு வரி?"

"என்னத்த எழுதறது? அட்டையை மட்டும் உறையில போட்டேன்."

"அட்டை திரும்பி வந்தா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

இவர் படிவத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். எத்தனை நண்பர்களின் இறுதி அஞ்சலிக்குப் போய் வந்த மனுஷன்! தெரிந்தே செய்தாரா என்ற சந்தேகம் எனக்கு இன்றுவரை தீரவில்லை.

"கடைசியாவா போடறாங்க?" என்று கேட்டார்.

"கடைசியாத்தான்."

"எனக்கு அப்புறம் யாருமே இல்லையா?"

"இல்ல."

"பல்லவிதானே?"

"இல்ல. கீபோர்டு தனியா வர்ற இடம். முழுசா பதினொரு விநாடி. எல்லாரும் எழுந்து நிப்பாங்களாம்."

இவர் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமான புதிதில், ஒரு மெட்டுச் சரியாக வந்துவிட்டால் இப்படித்தான் இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்பவே போன் பண்ணி, மனுஷன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கார்னு சொல்லப்போறேன்."

"சொன்னா எடுத்துடுவாங்களே."

"எடுக்கட்டும்! நீங்க செத்தாத்தான் எழுந்து நிப்பாங்கன்னா அந்த மரியாதை எனக்கு வேண்டாம். அந்தப் படத்தைப் பார்த்தப்ப என் உயிரே போயிடுச்சு, தெரியுமா? உங்களுக்கு அது விளையாட்டா?"

"எனக்கு வேணும்" என்றார்.

நாற்பது வருஷத்தில் இந்த மனுஷன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்ததே இல்லை. குப்பை என்பார், யாருக்கு வேணும் என்பார்.

"ஒரே ஒரு தடவை" என்றார். "நான் வீட்டுல உட்கார்ந்து பார்த்துக்கறேன். என் மூஞ்சி யாருக்குத் தெரியும்? அப்புறம் கேட்டா தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லிக்கலாம். எனக்காக ஒரு கையெழுத்துப் போடும்மா."

போட்டேன். மறைந்தவருக்கு என்ன உறவு என்ற இடத்தில் மனைவி என்று எழுதினேன். இவர் பக்கத்தில் நின்று எழுத்துச் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். எனக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை.

தேன்குரலைக் கூப்பிட்டேன். இவர் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டேன். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார், வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு.

"எங்களுக்குச் சம்மதம். மாத்தறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன்.

"ரொம்ப நன்றிம்மா" என்றாள் அவள். மூக்கடைத்த குரல் இன்னும் அடைத்தது. "அவர் உயிரோட இருந்தப்ப ஒண்ணும் செய்ய முடியலையேன்னு எனக்கு மனசுல ஒரு குறை. இப்ப எங்க இருந்தாலும் அவர் சந்தோஷப்படுவார், இல்லம்மா?"

நான் இவரைப் பார்த்தேன். பொத்திய கைக்கு மேலே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. தலையை வேகவேகமாக ஆட்டினார்.

"ஆமாம்மா" என்றேன். "ரொம்பச் சந்தோஷப்படறார்."