கெட்டித் தையல்

"ஒரு நாடா தச்சுக் குடேன். நல்லா கெட்டியா இருக்கணும், இழுத்தா பிரியக் கூடாது."

"யாருக்கு?"

"மாமியாருக்கு" என்றான் அவள் கணவன்.

அவளுடைய அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனால் அவன் சொன்னது அந்த மாமியாரை இல்லை என்று அவளுக்குத் தெரியும். சலவை ஆலையில் இருந்த பெரிய உருளை இஸ்திரி மெஷினுக்கு அங்கே வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் அது. எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும், உள்ளே போன எதையும் சப்பையாக்கித்தான் வெளியே விடும் என்பார்கள். ஹோட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் ஈரப் படுக்கை விரிப்புகளை இந்தப் பக்கம் நின்று அவன் உள்ளே கொடுப்பான். அந்தப் பக்கம் உலர்ந்து வருவதை அவனுடைய அக்கா வாங்கி மடிப்பாள். உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி உண்டு. கை பட்டால் மெஷின் நின்றுவிடும். தொல்லை என்னவென்றால், கை மட்டும் இல்லை, தடித்த விளிம்புள்ள விரிப்பு பட்டாலும் நின்றுவிடும். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் மாடியிலிருந்து மேனேஜர் கத்துவார். கடைசியில் ஒருநாள் அவரே இறங்கி வந்து, அந்தக் கம்பியைத் தூக்கிக் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா ஒரு தலையணை உறையைக் கிழித்துக் கட்டினாள். அது சூட்டில் இற்றுப்போய் அடிக்கடி அறுந்தது.

"கம்பியைக் கட்டிப் போட்டா கை மாட்டாதா?" என்று அவள் கேட்டாள்.

"மாட்டினா கத்துவேன். எதிர்ல எங்கக்கா நிக்கிறா, சிவப்புப் பட்டனை அமுக்கிடுவா. தம்பியை விட்டுருவாளா அவ?"

அவள் பழைய ஜீன்ஸ் துணியில் இரண்டு மடிப்பு வைத்து, ஓரம் மடித்து, குறுக்கும் நெடுக்குமாகத் தைத்துக் கொடுத்தாள். அவன் அதன் ஒரு முனையைக் காலில் மிதித்துக்கொண்டு, ஒட்டகம் என்று ஊரே கேலி செய்யும் அந்த நீளக் கழுத்தை வளைத்து, பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தான். "யானையைக் கட்டலாம்" என்றான். தையல்காரிக்கு அது பெரிய பாராட்டு. அன்றைக்கு முழுக்க அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தாள்.

நாடா அறுந்துபோகவில்லை. ஈர விரிப்பு ஒன்று அவன் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனபோது, அவன் முழங்கை அந்தக் கம்பியை இடித்தது. பிறகு தோள் இடித்தது. கம்பி அசையவில்லை. அவன் கத்தினான். அக்கா பட்டனை அமுக்கினாள். அந்தப் பட்டன் செத்துப்போய் வெகுநாளாகியிருந்தது. இரண்டு தடவை சொல்லியும் யாரும் வந்து பார்க்கவில்லை. அமுக்கினாள், குத்தினாள், கட்டைவிரல் நகம் பிய்ந்து தொங்குகிறவரை அமுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு மெயின் சுவிட்சுக்கு ஓடினாள். அதற்கு முன்னால் அழுக்குத் துணி வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அவள் அவற்றைத் தள்ளிக் கவிழ்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது கத்தல் நின்றிருந்தது. மெஷின் மட்டும் நிற்கவில்லை. அவளுடைய பக்கத்தில் விரிப்பு வந்துகொண்டிருந்தது. உலர்ந்து, சூடாக, மடிப்பில்லாமல், சிவப்பாக.

இதையெல்லாம் தையல்காரி பார்க்கவில்லை. ஆனால் கண்ணை மூடினால் அவளுக்கு அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அவனுடைய முகத்தின் இடது பாதியை மட்டும் காட்டினார்கள். வலது பக்கத்தைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அது அந்த ஆலையில் சலவை செய்த துணி. ஓரத்தில் ஆலையின் முத்திரை இருந்தது. அவள் அதைப் பிடித்து இழுக்கப் போனாள். இரண்டு பேர் அவளை இடுப்போடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். வெளியே வாசலில் அவளுடைய கொழுந்தன் மேனேஜரைத் தரையில் போட்டு அடித்துக்கொண்டிருந்தான். லாரியில் மூட்டை ஏற்றுகிற கை. மேனேஜரின் முன்பற்கள் உடைந்து சட்டையில் விழுந்தன. சுற்றி நின்ற யாரும் உடனே விலக்கிவிடவில்லை. அவளும்தான். இன்னும் ஒன்று போடு என்று அவள் மனம் தெளிவாகச் சொன்னது. அதற்காக அவள் இன்றுவரை வெட்கப்படவில்லை.

கொழுந்தன் சிறைக்குப் போய் ஜாமீனில் வந்தான். அதற்குள் ஆலையில் எல்லாம் சரியாகியிருந்தது. விபத்து நடந்த மறுநாளே பரிசோதனைக்கு அதிகாரிகள் வந்தபோது பட்டன் புதிதாகப் பளபளத்தது, கம்பி தொட்டால் அசைந்தது, வண்டிகள் ஓரமாக நின்றன. நாடா பாய்லர் அடுப்புக்குள் போய்விட்டது. விசாரித்த போலீஸ், தொழிலாளி தானாகக் கம்பியைக் கட்டிக்கொண்டு வேலை செய்திருக்கிறார், விபத்து, என்று எழுதி முடித்துவிட்டது.

தையல்காரி போய்ப் பார்த்த வக்கீலம்மாவின் அறையில் மின்விசிறி சத்தம் மட்டும் போட்டது, காற்று வரவில்லை. "நான் ஜெயிக்கிற கேஸ்ல எல்லாம் ஜனங்க எனக்கு ஆசீர்வாதம்தான் குடுக்கிறாங்க, ஃபேன் வாங்க முடியல" என்று சொல்லிவிட்டு, அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். பிறகு ஒவ்வொன்றாக விளக்கினார். வேலை செய்கிற இடத்தில் செத்தால் யார் மேல் தப்பு என்று பார்க்காமல் நஷ்டஈடு உண்டு. அது சட்டம், கம்பெனியின் தயவு இல்லை. அதற்கு மேலே, கம்பெனியின் அலட்சியத்தால்தான் உயிர் போனது என்று தனியாக வழக்குப் போடலாம். இழுக்கும், ஆனால் போடலாம். மூன்றாவது, போலீஸ் மூடிய கேஸைத் திறக்கச் சொல்லி மாஜிஸ்ட்ரேட்டிடம் போகலாம். அப்போதுதான் மேனேஜரும் முதலாளியும் கூண்டில் நிற்பார்கள். கடைசி இரண்டுக்கும் உள்ளே இருந்தவர்களில் ஒருவர் வாய் திறந்தாக வேண்டும்.

கம்பெனியும் ஒரு வழி சொல்லி அனுப்பியிருந்தது. சட்டம் சொல்வதைவிடக் கூடுதலாகவே தருவார்கள். கொழுந்தன் மேல் கொடுத்த புகாரையும் வாபஸ் வாங்கிக்கொள்வார்கள். கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தில் ஒரே ஒரு வரிதான் உறுத்தியது. தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவால் நேர்ந்த மரணம்.

"அந்த வரியை மட்டும் எடுக்க மாட்டாங்களா?"

"அந்த வரிக்குத்தாம்மா அவங்க காசு குடுக்கிறாங்க" என்றார் வக்கீலம்மா.

அவளுடைய மகள் அப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தாள். கடைப் பலகை, பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு என்று எதையும் விடுவதில்லை. என்றைக்காவது அந்தக் காகிதத்தையும் எடுத்துவைத்துக்கொண்டு க, வ, ன என்று ஆரம்பிப்பாள்.

"கம்பியை யார் கட்டினாங்க, யார் சொல்லிக் கட்டினாங்க, ரெண்டும் தெரியணும். கட்டினவங்களையும் கேஸ்ல இழுப்பாங்க, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனா அவங்க வாய் திறந்தா அது மேனேஜர் வரைக்கும் போகும். உங்களுக்கு அந்த ஆள் யாருன்னு தெரியுமா?" என்று வக்கீலம்மா கேட்டார்.

கேட்டுச் சொல்கிறேன் என்று தையல்காரி சொன்னாள். கேட்கவில்லை.

எப்படிக் கேட்பது? நாத்தனார் ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்துகொண்டுதான் இருந்தாள். பை நிறைய அரிசியும் காய்கறியும் கொண்டுவந்து வைப்பாள். குழந்தைக்குத் தலைவாரி விடுவாள். பிறகு தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முடிந்த துணிகளில் நூல் பிசிறு வெட்டிக் கொடுப்பாள். கட்டைவிரலில் புது நகம் அடியிலிருந்து முளைத்துக் கோணலாக ஏறிக்கொண்டிருந்தது. அப்பா அம்மா இல்லாத வீட்டில் இரண்டு தம்பிகளையும் தோளில் போட்டு வளர்த்தவள். தன் கல்யாணத்தை மறந்துவிட்டுத் தம்பிக்குப் பெண் தேடியவள். பெண் பார்க்க வந்த அன்றைக்கே, "எங்க ஒட்டகத்துக்கு மூக்கணாங்கயிறு போட உன்னை மாதிரி ஒருத்திதான் வேணும்" என்று தையல்காரியின் கன்னத்தைக் கிள்ளியவள். இன்னும் அதே ஆலைக்குத்தான் வேலைக்குப் போகிறாள். அவளை மடிப்புப் பக்கத்திலிருந்து மாற்றி நாற்காலி போட்டு ஸ்டோரில் உட்கார வைத்திருந்தார்கள். அது எதற்கான நாற்காலி என்று இருவருக்கும் தெரியும். கேட்டால் அவளிடமிருந்து எதை எடுக்கிறோம் என்று தையல்காரிக்குத் தெரியும். கேட்காவிட்டால் அவனிடமிருந்து எதை எடுக்கிறோம் என்றும் தெரியும். கேள்வி தொண்டை வரைக்கும் வரும். அப்போது நாத்தனார் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "டீ போடவா?" என்பாள். கேள்வி மறுபடி உள்ளே போய்விடும்.

கேட்க முடியாமலே கம்பெனிக் காகிதத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தாள், மறுநாள் கையெழுத்து. அன்று மாலை நாத்தனார் வந்திருந்தாள். குழந்தை பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தது. தையல்காரி யாரோ ஒருவருடைய ஜன்னல் திரைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தபோது கதவு சுவரில் மோதித் திறந்தது.

கொழுந்தன். வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். மூட்டை இழுக்கிற இரும்புக் கொக்கி கையிலேயே இருந்தது. அவன் தையல்காரியைப் பார்க்கவே இல்லை.

"சலவை ஆலைக்காரன் ஒருத்தன் இன்னைக்கு லோடு ஏத்த வந்தான். குடிச்சிருந்தான். உங்கண்ணனுக்கு முடிச்சுப் போட்டதே உங்கக்காதான்னு சொல்றான். அவன் வாயை உடைச்சுட்டு வந்திருக்கேன். பொய்தானே? பொய்யின்னு சொல்லு."

நாத்தனார் கையிலிருந்த நூல் துண்டுகளை ஒன்றாகச் சேர்த்து உருட்டினாள்.

"சொல்லுடி!"

அவன் அவளைத் தலைமுடியோடு பிடித்துத் தூக்கினான். ஸ்டூல் உருண்டது. அவளை மிஷின் மேல் அறைந்தான். மேஜை விளிம்பு நெற்றியைக் கிழித்தது. "அவனைக் கொன்னுட்டு அவன் வீட்லயே வந்து டீ குடிக்கிறியா?" அவள் கையைத் தூக்கித் தடுக்கவில்லை, விலகவில்லை. கண்களை மூடிக்கொண்டு முகத்தை அவனுக்கு நேராகத் தூக்கிக் கொடுத்தாள். வெகுநாளாக இதற்காகவே காத்திருந்தவள்போல. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் தையல்காரிக்குப் பயம் வந்தது. இவன் அடிப்பான். இவள் வாங்கிக்கொள்வாள். அதோடு எல்லாம் முடிந்துவிடும். ஒருவன் கொலைகாரனாக, ஒருத்தி பிணமாக, மேனேஜர் மட்டும் மாடியில் பல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அவன் கொக்கியை ஓங்கினான். தையல்காரி இடையில் புகுந்தாள். கூர்முனை அவளுடைய முன்கையில் இறங்கி, இழுத்துக்கொண்டு மணிக்கட்டுப் பக்கம் வெளியே வந்தது. முதலில் வலிக்கவில்லை. வெள்ளைத் திரைத்துணியில் சிவப்பு அகலமாகப் பரவுவதைப் பார்த்த பிறகுதான் வலித்தது. மறுகையால் பெரிய கத்தரியை எடுத்து அவன் மார்புக்கு நேராக நீட்டினாள்.

"அந்த நாடாவைத் தச்சது நான், தம்பி. ரெட்டைத் தையல். என் கையால. அடிக்கிறதுன்னா முதல்ல என்னை அடிச்சுட்டுப் போ."

அவன் அவளைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான், பிறகு தன் கையிலிருந்த இரும்பைப் பார்த்தான். அது தரையில் விழுந்து சத்தம் போட்டது. அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டான். அந்த உடம்பிலிருந்து வந்த அழுகை சிறுபிள்ளை அழுகையாக இருந்தது. பக்கத்து வீட்டில் ரேடியோவை யாரோ அணைத்தார்கள்.

நாத்தனார் எழுந்தாள். நெற்றி ரத்தம் புருவத்தில் தேங்கி, கன்னம் வழியாக வடிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கவில்லை. திரைத்துணியின் சுத்தமான ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். நீளமாக ஒரு பட்டை வந்தது. "நீட்டு" என்றாள். தையல்காரி கையை நீட்டினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணும். தையல் போடணும்" என்றாள் நாத்தனார்.

"போலாம். முதல்ல கட்டுங்க."

நாத்தனார் சுற்றினாள். வருடக்கணக்காக விரிப்புக் கட்டுகளைச் சுற்றிச் சுற்றிப் பழகிய கை. ஒரு சுற்று, அடியில் விட்டு இன்னொரு சுற்று, ஒரு முனையை மடக்கி மற்றதை அதன் வழியாக இழுத்து. அந்த ஆலையில் எல்லோரும் போடுகிற முடிச்சுத்தான். ஆனால் அவள் போட்டால் மட்டும் நழுவாது என்பார்கள். முடிச்சைப் பாதி போட்டபோது தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. கோணல் நகம் முளைத்த அந்தக் கட்டைவிரல், பட்டையின் மேல் அழுத்தியபடி அப்படியே நின்றது. இறுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அடியில் ரத்தம் கசிந்து நகத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது.

"கத்தினான் ம்மா" என்றாள் நாத்தனார். "அமுக்கு அமுக்குன்னுதான் கத்தினான். நான் அமுக்கிட்டுத்தான் இருந்தேன்."

"தெரியும்க்கா."

"நான் அமுக்கலன்னு அவன் நினைச்சிருப்பான்."

தையல்காரி நல்ல கையை எடுத்து, அந்தக் கட்டைவிரலின் மேல் வைத்தாள். விரல் சூடாக இருந்தது. சுவரோரம் அழுகை மெல்ல அடங்கி, மூச்சு மட்டும் கேட்டது. இத்தனை நாளாகத் தொண்டையில் கிடந்தது இப்போது தானாகவே மேலே வந்தது. வந்தபோது அவள் நினைத்த அளவு பெரிதாக இல்லை.

"நாளைக்கு நான் கையெழுத்துப் போடலக்கா. வக்கீலம்மாகிட்ட போறேன். நீங்களும் எங்கூட வாங்க. நாடா நான் தச்சேன்னு நான் சொல்றேன். முடிச்சு நான் போட்டேன்னு நீங்க சொல்லுங்க. யார் போடச் சொன்னாங்கன்னும் சொல்லுங்க."