எடுத்து வைக்க ஆளில்லை

சிரம்பான் பக்கத்து ராசாவில் வாடகைக்கு எடுத்த வீட்டின் அடுப்படியில் ரோகினி நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்கு அவளுக்கு வகுப்பு. அதே எட்டு மணிக்குத் தன் வகுப்புக்குப் போகவேண்டிய அவள் அண்ணன் முகுந்தன் படுக்கையிலிருந்தபடியே குரல் கொடுத்தான்.

"தங்கச்சி, தேத்தண்ணி கலக்கியாச்சா?"

கலக்கியாகிவிட்டது. கலக்காமல் விட்டால்தான் கோலா சாவா தோட்டத்திலிருந்து அம்மாவின் போன் வந்துவிடுமே!

இருவரும் படிப்புக் கடனில் படிக்கும் பிள்ளைகள். கையில் இருப்பது கொஞ்சம்தான். ஆனாலும் அந்த வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சாயங்காலம் பசார் சந்தையில் கடை கட்டுகிற நேரமாகப் பார்த்துப் போவாள் ரோகினி. கங்கோங் கீரையும் சோயா அவரையில் செய்த தெம்பேயும் அப்போது மலிவாகக் கிடைக்கும். வேலியோரத்து முருங்கைக்கீரை பருப்போடு சேரும். மிஞ்சிய சோறு மறுநாள் முட்டை போட்டு வறுத்த நாசி கோரேங் ஆகிவிடும். இதில் முகுந்தனின் பங்கு ஒன்றே ஒன்று. தட்டைப் பார்த்து, "இன்னைக்கும் தெம்பேயா?" என்று முகம் சுளிப்பது.

இந்த நேரத்தில்தான் ஜொகூர் கம்பெனி ஒன்று அவளை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டது. மூன்று மாதத் தொழிற்பயிற்சி. அதை முடிக்காவிட்டால் படிப்பே முடியாது. அம்மா நீலாவதிக்கோ கவலை வேறு. போனிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"நீ போய்ட்டா அண்ணன் சாப்பாட்டுக்கு என்னடி பண்ணுவான்? சிரம்பான்லயே பாரு லா."

"இங்க எங்கயும் எடம் இல்லம்மா. எல்லாம் ஃபுல் ஆயிருச்சு."

"அப்ப அடுத்த வருசம் போ. ஆம்பளப் புள்ள அடுப்புகிட்ட நிப்பானா?"

ரோகினி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் படிக்க வந்தாளா, சோறாக்க வந்தாளா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. என்றாலும் நேர்முகத் தேர்வுக்குப் போயே தீருவது என்று முடிவெடுத்தாள். போவதற்கு முன் சோறு, மீன் குழம்பு, பருப்பு எல்லாம் செய்து ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டு ஃபிரிட்ஜில் அடுக்கினாள். "சூடு பண்ணிச் சாப்பிடுண்ணே" என்று இரண்டு தடவை சொன்னாள். அவன் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்ம்" என்றான்.

இரண்டு நாள் கழித்து, இடம் கிடைத்த சேதியோடு திரும்பியபோது, முகுந்தன் போன் போட்டு வரவழைத்த அம்மா வீட்டில் இருந்தாள். முகுந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். கிளினிக்கில் மருந்து வாங்கி வந்திருந்தார்கள். மீ நூடுல்ஸ் பாக்கெட்டை வேகவைக்கக்கூடச் செய்யாமல், பச்சையாக நொறுக்கி, மசாலாத் தூளைத் தூவி, வேளாவேளைக்கு அதையே தின்றிருக்கிறான்.

"பாத்தியாடி? புள்ளைய பட்டினி போட்டுட்டு ஊர் சுத்தப் போயிருக்க!" என்று பாய்ந்தாள் நீலாவதி.

 ரோகினி ஃபிரிட்ஜைத் திறந்து டப்பாக்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தாள். ஒன்றும் குறையவில்லை. குழம்பின் மேல் எண்ணெய் அப்படியே உறைந்து கிடந்தது.

நீலாவதி மகனைப் பார்த்தாள். "ஏன்டா, இது இருக்குறது தெரியாதா?"

"தெரியும்மா."

"அப்புறம் ஏன் திங்கல?"

"யாரும் எடுத்து வைக்கலியே" என்றான் முகுந்தன். நக்கல் இல்லை, திமிரும் இல்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோல வெகு சாதாரணமாகச் சொன்னான்.

 பிறந்த நாள் முதல் அவன் தட்டில் நீலாவதியே போட்டாள், அவளே பிசைந்தாள், அவளே கழுவினாள். பாசம் என்று நினைத்துத்தான் செய்தாள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை நிறைந்த ஃபிரிட்ஜுக்கு முன்னால் பட்டினி கிடந்திருக்கிறான். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"ரோகினி, நீ ஜொகூருக்குப் போ. எத்தன மாசமானாலும் முடிச்சிட்டு வா" என்றாள்.

அன்று இரவு அவனுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். மறுநாள் வயிறு தேறியதும் அவனை எழுப்பி அடுப்புக்கு முன்னால் நிறுத்தி, கையில் வெங்காயத்தைக் கொடுத்தாள்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. இது பொம்பளைங்க..."

"வாய மூடுறா! உன்னக் கெடுத்தது நான்தான், அதனால நானே சொல்றேன். சமையலுக்கு ஆம்பள பொம்பள கிடையாது. பசிக்கிற எல்லாரும் கத்துக்கணும். ஆம்பளப் புள்ளன்னு சமைக்கச் சொல்லித் தராத தாய், அவனுக்குச் சோறு போடல, அவன பட்டினிதான் போடுறா. உரிடா வெங்காயத்த!"