வலது பின்சக்கரம்

"வலது முன், நூத்தி நாலு. வலது பின், நூத்திப் பதினெட்டு. எல்லாம் நல்லாத்தான் இருக்கு, கேப்டன்" என்றார் வெர்லின்.

"அலாரம் கத்தினா மட்டும் சொல்லு. இப்படி பேஸ்பால் ஸ்கோர் மாதிரி சொல்லிட்டே வந்தா நான் ரோட்டைப் பாக்கவா, உன்னைப் பாக்கவா?" என்றார் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி நடீன்.

வெர்லின் வாயை மூடிக்கொண்டார். பிக்கப்பின் முன்பலகையில் ஒட்டியிருந்த சின்னத் திரையில், பின்னால் இழுத்துவரும் வீட்டு டிரெய்லரின் நான்கு டயர்களும் நான்கு கட்டங்களாக ஒளிர்ந்தன. ஒவ்வொன்றிலும் காற்றழுத்தம் ஒரு எண், வெப்பம் ஒரு எண். அவர் வாசித்தது வெப்பத்தை, ஃபாரன்ஹீட்டில். பதினேழு வருடங்களாக ஸ்டீயரிங் அவர் கையில் இருந்தது. திரை எப்போதாவது ஓரக்கண்ணால் பார்க்கும் பொருளாக இருந்தது. மார்ச்சில் பக்கவாதம் வந்து இடது கை பாதி மரத்துப்போன பிறகு டாக்டர் ஓட்டக் கூடாது என்றுவிட்டார். இப்போது நடீன் ஓட்டுகிறார். டயர்களுக்குக் காற்றடிப்பதும் திரையைப் பார்ப்பதும் மட்டும் வெர்லினுக்கு மிஞ்சின.

டிரெய்லரை விற்றுவிடச் சொல்லி மகள் ஷெல்பி கோடை முழுக்கப் போனில் மன்றாடினாள். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். நெப்ராஸ்காவிலிருந்து டூசானில் இருக்கும் அவள் வீடுவரை இருவரும் ஒரு தடவை ஓட்டிவரட்டும். வழியில் ஏதாவது ஒன்று கோணலானால், அவள் பார்த்து வைத்திருக்கும் ஆளுக்கு வண்டி போய்விடும். குளிர்காலங்களைத் தெற்கே கழிக்கும் வாழ்க்கையும் அதோடு முடியும். இருவரும் தலையாட்டியிருந்தார்கள்.

நியூ மெக்சிகோவில் நெடுஞ்சாலை நேராகத் தெற்கே இறங்கியது. மதிய வெயில் வலது கதவில் அடித்தது. வெர்லின் தன்னை அடக்கிக்கொண்டு ஜன்னல் வழியே புதர்களைப் பார்த்தார். திரும்பியபோது வலது பின் கட்டத்தில் நூற்று முப்பத்தொன்று.

எச்சரிக்கை ஒலிக்க இன்னும் நிறைய தூரம் இருந்தது. அது கத்தவில்லை. சொன்னால் எரிச்சல்படுவாள். சொல்லாவிட்டால்? தொண்டையைச் செருமினார்.

"என்ன?" என்றார் நடீன்.

"ஒண்ணுமில்ல. வலது பின் கொஞ்சம் ஏறியிருக்கு. வெயில் பக்கம்தானே."

"முன்சக்கரமும் அதே வெயில்லதானே வருது? அது எவ்வளவு?"

"நூத்தி அஞ்சு."

நடீன் சிக்னல் விளக்கைப் போட்டு ஓரம் கட்டினார்.

வெர்லின் இறங்கிப் போய் வலது பின்சக்கரத்தின் நடுவில் நல்ல கையின் புறங்கையை வைத்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் செய்வதுதான். வெயிலில் காய்ந்த தகரத்தின் சூடு, அவ்வளவுதான். முன்சக்கரத்தையும் தொட்டார். வித்தியாசமே இல்லை.

"சென்சார்ல பேட்டரி போயிருக்கும். ஏறு, போகலாம்."

நடீன் ஏறவில்லை. லாரிகள் சீறிக்கொண்டு போகும் இடது பக்கத்தை டிரெய்லரின் பின்மூலையிலிருந்து எட்டிப் பார்த்தார். லாரி வராத இடைவெளியில் இரண்டு எட்டு வைத்துக் கையை நீட்டினார். சட்டென்று இழுத்துக்கொண்டார். கருகல் வாடை.

"வெர்லின், சூடு இந்தப் பக்கம். இடது பின். கிட்ட கை வைக்க முடியல."

 வெர்லின் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். வழக்கமாக டயர் வால்வில் இருக்கும் சென்சாரை ஒவ்வொன்றாகக் கழற்றி, காற்றடித்து, அங்கேயே திருகிவிடுவார். இன்று காலை குனிந்து நிமிர முடியாமல் நான்கையும் மொத்தமாகக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"வலதுக்கு உள்ளதை இடதுல மாத்தி மாட்டிட்டேன்" என்றார். "எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான். இதையும்..."

"புலம்பலை அப்புறம் வெச்சுக்க. இப்ப என்ன செய்யணும், அதைச் சொல்லு."

அடுத்த திருப்பம் ஹேட்ச் என்ற சின்ன ஊர். பிரேக்கைத் தொடாமல், மாட்டுவண்டியின் வேகத்தில் ஊர்ந்து ஒரு மிளகாய்க் கடையின் காலி மைதானத்தில் நிறுத்தினார்கள். பச்சை மிளகாய் வறுபடும் புகையில் சக்கரத்தின் வாடை காணாமல் போனது. ரொட்டியில் சுருட்டிய மிளகாய் பரிட்டோவை ஆளுக்கொன்று சாப்பிட்டு முடிக்கும்வரை சக்கரத்தை ஆறவிட்டார்கள். பிறகு ஜாக்கியில் தூக்கினார்கள். வெர்லின் நல்ல கையால் சக்கரத்தைச் சுழற்றினார். கால் சுற்றில் நின்றது.

"பிரேக் தானா இறுகிக்கிற வகை இது. ரொம்ப இறுகிடுச்சு. பின்னால ஒரு ஓட்டை இருக்கும், உள்ள ஒரு பல்சக்கரம். ஸ்க்ரூடிரைவரால தள்ளு."

"எந்தப் பக்கம்?" வண்டிக்கு அடியில் புகுந்திருந்த நடீனின் குரல் வந்தது.

"மேல. இல்ல இல்ல, கீழ."

"நீ என்னைக்கு இடது வலது மேல கீழ சரியாச் சொல்லியிருக்கே? நம்ம கல்யாணத்தன்னைக்கே வேற சர்ச்சுக்குப் போனவன்தானே."

வெர்லின் சிரித்துவிட்டார். சுழற்றி, காதை வைத்துக் கேட்டார். உரசல். இன்னும் இரண்டு பல். உரசல் மெலிந்தது. இன்னும் ஒன்று. சக்கரம் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

நடீன் முதுகெல்லாம் மண்ணோடு வெளியே வந்து, ஜாக்கியை இறக்கி, கை கழுவிவிட்டு வந்தபோது, வெர்லின் மனைவியின் நகப்பூச்சுக் குப்பியோடு டிரெய்லரின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சென்சாரையும் அதன் இடத்தில் மாட்டிவிட்டு, அதன்மேலும் சக்கரத்தின்மேலும் ஒரே அளவு புள்ளிகள் வைத்திருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இடது கை பிடிக்காததால் கட்டைவிரல் முழுக்க பவழ நிறம்.

அப்போது ஷெல்பி அழைத்தாள். "அம்மா, எல்லாம் நல்லபடியா போகுதா?"

நடீன் கணவரைப் பார்த்தார். "போகுது" என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். வெர்லின் போனுக்குக் கையை நீட்டினார்.

"ஷெல்பி, ஒரு சக்கரம் சூடாயிடுச்சு. சென்சாரை மாத்தி மாட்டினது நான். கண்டுபிடிச்சது உங்கம்மா. வண்டிக்கு அடியில படுத்து சரி பண்ணதும் அவதான்."



"அம்மா அடியில படுத்தாங்களா?"

"படுத்தா. என்னைத் திட்டிக்கிட்டே."

ஷெல்பி சிரித்துவிட்டாள். பிறகு, "நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க? என் காரை எடுத்துத் தெருவில விடணும். டிரெய்லர் நிக்க இடம் வேணும்ல. வாங்க இருந்தவருக்கு இல்லன்னு சொல்லிடறேன்."

ஹேட்சிலிருந்து டெமிங் போகும் இருவழிச் சாலையில் சூரியன் எதிரே வந்தது. வெர்லின் திரையைப் பார்த்தபடி பேசாமல் வந்தார். கொஞ்ச தூரம் போனதும் நடீன் கண்ணாடியை ஒருமுறை பார்த்தார்.

"என்ன சத்தத்தையே காணோம்? ஸ்கோரைச் சொல்லு."

பவழ நிறக் கட்டைவிரல் முதல் கட்டத்தின்மேல் போய் நின்றது.

"இடது முன், தொண்ணூத்தெட்டு" என்று ஆரம்பித்தார்.