இறங்கி நின்ற வீரன்

“அது மனிசரை அடிக்கிற விளையாட்டோ, காப்பாத்துற விளையாட்டோ? ஒரு சொல்லில சொல்லு பிள்ளை.”

பக்கத்து வீட்டு மங்களேஸ்வரி அன்ரி இப்படிக் கேட்டது, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கண்டி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற அவசரத்தில். றீற்றா தலையை மட்டும் ஆட்டினாள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்து ஒரு வருஷமாகிறது. இத்தனை நாளில் அக்கம்பக்கத்தாரோடு அவள் பேசிய பேச்சு ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். அதனால்தானோ என்னவோ அன்ரிக்கு அவள்மேல் அவ்வளவு நம்பிக்கை.

“வாயாடியளைக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்லுவினம். நீ பாத்திட்டுச் சொல்லு. நீ வேண்டாம் எண்டால் வேண்டாம்தான்.”

யுத்த காலம்; சந்திக்குச் சந்தி பொலிஸ் சோதனை. குண்டுப் பயத்தில் அந்த வாரம் பள்ளிக்கூடங்களை மூடியிருந்தார்கள். பிள்ளைகளைத் தெருவில் விளையாடவும் யாரும் விடவில்லை. அன்ரியின் மகன் துவாரகனுக்கு மிச்சமிருந்தது, மூன்றாம் வீட்டு ஷிராஸின் வாப்பா கட்டாரிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேம் மட்டுந்தான். றீற்றா வேண்டாம் என்றால், பாவம், ஏழு வயதுப் பொடியன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாளெல்லாம் நிற்க வேண்டியதுதான். மூன்றாம் வீடு போய்ச் சேரும்வரை அவன் அவளுடைய விரலை விடவேயில்லை.

“அக்கா, நல்லது எண்டுதானே சொல்லுவியள்?”

“பாப்பம்.”

ஷிராஸின் உம்மா குசினியிலிருந்தே குரல் கொடுத்தாள். “வாங்க மகள், கதிரைல இருங்க. அடிபுடி இல்லாட்டி எனக்கும் நிம்மதி.”

கேமின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள் றீற்றா. பன்னிரண்டு வயதுக்கு மேல் என்று போட்டிருந்தது. அதை விரலால் தொட்டு ஷிராஸுக்குக் காட்டினாள்.

“அது வெள்ளக்காரப் புள்ளைகளுக்கு அக்கா,” என்றான் அவன். “நாங்க நியூஸே பாக்குறோம்.”

முதலில் அவளையே விளையாட வைத்தான். பச்சைச் சால்வை கட்டிய பறக்கும் வீரன் அவள் கையில் படாத பாடு பட்டான். கட்டடத்தில் முட்டினான், தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தான், ஒரு பேக்கரியின் கூரையைப் பெயர்த்தெடுத்தான். “அக்கா, நீங்கதான் கள்ளனைவிட மோசம்!” என்று ஷிராஸ் தலையில் கைவைத்தான். அடிப்பதும் இருந்தது, காப்பாற்றுவதும் இருந்தது. அன்ரிக்கு வேண்டிய ஒரு சொல் மட்டும் அகப்படவில்லை. சின்னவன் என்ன செய்கிறான் என்று பார்க்காமல் எப்படிச் சொல்வது? அவனிடம் கொடுத்தாள்.

துவாரகன் நாக்கைக் கடித்துக்கொண்டு வீரனைப் பறக்கவிட்டான். கீழே வங்கிக் கள்ளர்களின் கார் பறந்தது. இன்னும் கொஞ்சம்தான், கையால் எட்டிப் பிடிக்கலாம். அந்த நேரம் பார்த்து, வீரனுக்குத் துணையாக ஒரு பொலிஸ் வாகனம் விளக்கைச் சுழற்றிக்கொண்டு வந்தது. உடனே துவாரகன் வீரனைத் தரையில் இறக்கி, தெருவோரமாக நிறுத்தினான்.

“டேய், ஏன்டா நிக்கிறாய்? பற!” என்று கத்தினான் ஷிராஸ்.

“பொலிஸ் நிக்குது.”

“அது உன்ட கட்சிடா!”

“ஓடினால் சுடுவினம் எண்டு அப்பா சொன்னவர்.” துவாரகன் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். “ஷிராஸ் அண்ணா, அடையாள அட்டையை எடுக்கிறது எந்தப் பட்டன்?”

ஷிராஸ் கதிரையிலிருந்து சரிந்து தரையில் கிடந்து சிரித்தான். குசினியிலிருந்து உம்மா அகப்பையோடு ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். றீற்றாவுக்கும் அடக்க முடியாமல் சத்தமாகவே சிரிப்பு வந்துவிட்டது. கள்ளர்கள் தப்பிப் போனார்கள். துவாரகன் மறுபடி ஆடினான். மறுபடியும் பொலிஸ் வந்ததும் வீரன் இறங்கி, சால்வை காற்றில் ஆட, நல்ல பிள்ளையாகக் கைகட்டி நின்றான்.

மழை பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து வந்த மங்களேஸ்வரி அன்ரி, தன் குடையும் மகனுடைய சின்னக் குடையுமாக எப்போது வாசலில் வந்து நின்றாளோ, யாரும் கவனிக்கவில்லை. அவள் சிரிக்கவில்லை.

“என்ன பிள்ளை, முடிவு? கூட்டிக்கொண்டு போகட்டோ?”

துவாரகனின் கை அப்படியே நின்றது. எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்பதில் றீற்றாவுக்குக் காது சுட்டது. ஆனாலும் எழுந்து நின்றாள்.

“ஒரு சொல்லில சொல்ல ஏலாது அன்ரி. விளையாடட்டும். நான் பக்கத்தில இருந்து பாக்கிறன். அடிக்கப் பழகிப்போடுவான் எண்டு நீங்கள் பயப்பிடுறியள். இவனுக்கு இன்னும் பறக்கவே பயமாக் கிடக்கு.”

அன்ரி திரையைப் பார்த்தாள். பொலிஸ்காரருக்கு முன்னால் பச்சைச் சால்வைக்காரன் அசையாமல் நின்றான்.

“அம்மா,” என்றான் துவாரகன் மெதுவாக, “பறக்கட்டோ?”

அவள் குனிந்து அவன் தலையை ஒருதரம் தடவினாள். சின்னக் குடையை அவனுக்காகக் கதவோரம் சாய்த்து வைத்தாள். பிறகு தன் குடையை மட்டும் விரித்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனாள்.