இரண்டாவது லேபிள்

ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. முன்பு துடைப்பமும் வாளியும் போட்டுவைத்த இடம். இப்போது அங்கே ஆள் உயர இரும்பு அலமாரியும் அதற்குள் ஒரு புது ரூட்டரும். அலமாரியை முதுகில் சுமந்து வந்து நிறுத்தியவன் நான். கேபிள் இழுத்ததும் நான். அதற்கு உயிர் கொடுப்பது எங்கள் இன்ஜினீயர் மேடம் வேலை. நாற்காலி போட இடமில்லாததால் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்.

என் தம்பி அதே ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்தில் பூச்சு வேலை செய்கிறவன். அன்று காலை சாரத்துப் பலகை நழுவி விழுந்துவிட்டான். வெளிக்காயம் பெரிதாக இல்லை. ஆனால் பேச்சு குழறியது. ஸ்கேன் எடுத்தார்கள். படத்தைப் பார்த்துத் தீர்த்துச் சொல்லும் மூளை டாக்டர் இங்கே கிடையாது. மலைக்குக் கீழே நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். படம் லைன் வழியாக அவரிடம் போக வேண்டும். நாங்களோ பொழுது விடிந்ததும் பழைய லைனைக் கழற்றிவிட்டுப் புது லைனுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். நேரம் பார்த்து வந்தது விதி.

டூட்டி டாக்டர் என்னை வராந்தாவில் ஓரமாக நிறுத்தி விஷயத்தை உடைத்துச் சொன்னார். படத்தில் ஒரு நிழல் தெரிகிறதாம். ரத்தக் கசிவென்றால் உடனே கீழே அனுப்பித் தலையைத் திறக்க வேண்டும். பழைய தழும்பு என்றால் அசைக்கவே கூடாது. முதுகெலும்பிலும் அடி இருக்கிறது, தோண்டிப் போட்டிருக்கும் மலைப்பாதையின் குலுக்கலே ஆளை முடித்துவிடும்.

“ரெண்டுல எதுன்னு தெரியாம நான் வண்டியில ஏத்த மாட்டேன்” என்றார்.

தம்பி பெண்டாட்டி அவனுடைய செருப்பைக் கையில் பிடித்தபடி வார்டு வாசலில் நின்றாள். அழவில்லை. “மாமா, இது நீங்க செய்யுற வேலதானே? கொஞ்சம் சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்க” என்றாள்.

படிக்கட்டு அறைக்கு வந்தால், மேடம் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. லைன் வந்துவிட்டது. போன் பேசுகிறது. தம்பியின் பெயரும் வயதும் நகரத்து டாக்டர் திரையில் தெரிகிறதாம். படம் மட்டும் போகவில்லை. ஒரு கீற்றுகூட. மறுமுனையில் இருந்தவர் எங்கள் கம்பெனியின் இன்னோர் இன்ஜினீயர். தடித்த கண்ணாடி போடுவதால் எங்களுக்கு அவர் கண்ணாடிதான். ஸ்பீக்கரில் அவர் குரல், “வரலை, வரலை” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

இந்த லைன் எப்படி வேலை செய்கிறது என்று மேடம் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். மலையடிவாரத்திலிருந்து ஊர் ஊராக இதே மாதிரி ரூட்டர் பெட்டி வைத்துக்கொண்டே ஏறிவந்தோம். பால் டிப்போவின் மூலையில் ஒன்று, பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஒன்று, டவர் அடியில் ஒன்று. இத்தனை பெட்டிக்கும் எது எங்கே போகணும்னு எப்படித் தெரியும் என்று வேனில் வரும்போது கேட்டேன். அனுப்புகிற எதையும் துண்டு துண்டாக நறுக்கித்தான் அனுப்புவார்களாம். முதல் பெட்டி மட்டும் ஒவ்வொரு துண்டின் விலாசத்தையும் படித்து, அதன்மேல் ஒரு நம்பர் லேபிளை ஒட்டும். அடுத்த பெட்டி விலாசத்தைப் பார்க்காது. நம்பரை மட்டும் பார்த்து, அதை எடுத்துவிட்டுத் தன் நம்பரை ஒட்டி அடுத்ததிடம் தள்ளிவிடும். அந்த நம்பரும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொள்வது. பட்டப்பெயர் மாதிரி, மூன்றாவது ஆளுக்கு அதில் அர்த்தமே இல்லை.

“அப்ப நடுவுல இருக்கிறதுக்கெல்லாம் படிக்கத் தெரியாதா மேடம்?”

“தெரியும்ணே. படிக்க மாட்டாங்க. அதான் வேகம்.”

எழுத்துக்கூட்டிப் படிக்க நான் கற்றுக்கொண்டது மீசை நரைத்த பிறகு. ராத்திரிப் பள்ளியில் கண் எரிய எரியப் படித்தேன். படிக்காமல் இருப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று கடைசியில் ஒரு பெட்டி எனக்குச் சொல்லிக்கொடுக்கிறது. நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

அன்று சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரி சூப்பிரண்டு வாசலில் வந்து நின்று, பழைய லைனையே மாட்டுங்கள் என்று கத்திவிட்டுப் போனார். மாட்டலாம்தான், ஆனால் நூல் மாதிரி இருக்கும் அந்த லைனில் இவ்வளவு பெரிய படம் போய்ச்சேர இருட்டிவிடும் என்றார் மேடம். பிறகு என்னைப் பார்த்தார். படுத்திருப்பது யார் என்று அவருக்குத் தெரியும்.

“அண்ணே, நீங்க சொல்லுங்க. பழசுக்கே திருப்பிடட்டுமா?”

“எனக்கு என்ன தெரியும் மேடம். உங்க கைக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யுங்க” என்றேன்.

பழசைத் தொடாமல் லேப்டாப்புக்கே திரும்பினார். அப்புறம் வெறும் சோதனைத் துண்டுகளை அனுப்ப ஆரம்பித்தார். சின்னது போய்த் திரும்பி வந்தது. கொஞ்சம் பெரிது, அதுவும் வந்தது. இன்னும் பெரிது. ஓர் அளவு வரைக்கும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, அதைத் தாண்டியதும் போனது போனதுதான். வழியில் எவனும் திருப்பி அனுப்பவில்லை, புகாரும் சொல்லவில்லை. கிணற்றில் போட்ட கல்.

மேடம் உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். “கண்ணாடி சார், ரெண்டு லேபிள். நான் ஒண்ணுக்குத்தான் இடம் விட்டிருக்கேன்.”

அதே பெட்டிகள் வழியாகத்தான் பாங்கும் பள்ளிக்கூடமும் பால் டிப்போவும் தங்கள் சரக்கை அனுப்பப் போகின்றன. ஒன்றோடு ஒன்று கலக்காமல் இருக்க, இது ஆஸ்பத்திரியுடையது என்று உள்ளே ஒரு லேபிள். அதன்மேல், வழிக்கு ஒரு லேபிள். ஒரு லேபிள் நாலு பைட். அதாவது நாலு எழுத்து அளவு இடம். பெயரும் வயதும் சின்னத் துண்டு, இரண்டு லேபிளோடும் நுழைந்துவிட்டது. படத்தின் துண்டுகளோ விளிம்பு வரை நிரம்பியவை. நாலெழுத்து இடிக்க, வாசலிலேயே விழுந்து செத்தன. நாலெழுத்தில் என் தம்பியின் உயிர் மாட்டிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு பெட்டியிலும் துண்டு நுழையும் அளவைக் கூட்ட வேண்டும். இருந்த இடத்திலிருந்தே செய்யலாம். ஆனால் கட்டளையில் ஒரு வரி தப்பினால் பாதை அறுந்து அந்தப் பெட்டி கைக்கு எட்டாமல் போய்விடும். அப்புறம் வேனை எடுத்துக்கொண்டு நேரில்தான் போக வேண்டும். மேடம் அடிப்பதற்கு முன் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்தார். மறுமுனையில் கண்ணாடி அதைத் திருப்பிச் சொன்னார். “டவர்” என்றதும் எனக்கு அந்தத் தகரக் கொட்டகையும் நான் போட்ட போல்ட்டும் கண்ணில் தெரிந்தன. “பள்ளிக்கூடம்” என்றதும் ஆய்வகத்தின் அமில வாசனை. அட்டைப்பெட்டியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் விரல், நான் மூச்சு வாங்கச் சுமந்து வைத்த அத்தனை அறைக்குள்ளும் கதவு திறக்காமல் நுழைந்து வெளியே வந்தது.

கடைசி வரியைத் தட்டினார். சோம்பிச் சோம்பி மினுக்கிக்கொண்டிருந்த பச்சை விளக்கு திடீரென்று துடிதுடித்தது.

“வருது” என்றார் கண்ணாடி. கொஞ்சம் பொறுத்து, “வந்துட்டே இருக்கு.”

நான் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் தம்பியின் தலை. நான் எண்ணெய் தேய்த்துவிட்ட தலை. அதை ஏடு ஏடாகப் படம் பிடித்து, ஒவ்வோர் ஏட்டையும் ஆயிரமாய் நறுக்கி, ஒவ்வொரு துண்டின் முதுகிலும் இரண்டு லேபிளை ஒட்டி அனுப்புகிறார்கள். டவரும் பள்ளிக்கூடமும் டிப்போவும் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுக்கின்றன. உள்ளே என்ன இருக்கிறதென்று ஒன்றும் பிரித்துப் பார்க்கவில்லை. பார்க்காமலே ஒரு துண்டும் சிந்தாமல் கொண்டு சேர்க்கின்றன. நான் மூச்சை விடுவதற்குள் அவன் தலை மலையிறங்கிப் போய்விட்டது. உடம்பு மேலே வார்டில் கிடக்கிறது. கும்பிடத் தோன்றியது. எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

டூட்டி டாக்டர் ஓடிவந்தார். “ரத்தம்தான். கிளம்புங்க.”

தம்பியைப் பலகையோடு சேர்த்துக் கட்டி, ஆம்புலன்ஸ் நத்தையாய் ஊர்ந்தது. அவன் பெண்டாட்டி தலைமாட்டில், நான் கால்மாட்டில். நகரத்து ஆஸ்பத்திரி வாசலில் மூளை டாக்டர் கையுறையோடு காத்திருந்தார். அவர் அவனை அதுவரை கண்ணால் கண்டதில்லை. கட்டுப்போட்ட தலையில், இடது காதுக்கு மேலே சரியாக ஓர் இடத்தில் விரலை வைத்து, “இங்கதாம்மா. பாத்துட்டோம், எல்லாம் தயாரா இருக்கு” என்று தம்பி பெண்டாட்டியிடம் சொன்னார். அப்போதுதான் அவள் அழுதாள்.

ஆபரேஷன் முடிந்து மறுநாள் தம்பிக்கு நினைவு தெளிந்தது. பேச்சில் குழறல் இல்லை. நடந்ததை எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். லேபிளை, டிப்போவை, துண்டு துண்டாகப் போனதை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

“என் தலையை வெட்டி ஊர் ஊரா அனுப்பியிருக்கீங்க. ஒரு வார்த்தை கேட்டியாண்ணே?”

கேட்கவில்லைதான்.