இறக்கையில் தொங்கும் கல்

விமானத்தில் இரண்டு எஞ்சினும் இல்லை. உலோகத்தில் ஏதோ கோளாறு என்று, எஞ்சினைச் செய்தவர்களே கழற்றிக்கொண்டுபோய்ப் பதினான்கு மாதமாகிறது. காற்றில் விமானம் ஆடாமலிருக்க, இறக்கைகளில் எஞ்சின் இருந்த இடத்தில் கான்கிரீட் கட்டிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் ஒரு பெண்; வீட்டில் இரண்டு பெண்களில் இளையவள். வாரம் ஒருமுறை சக்கரங்களைக் கால் சுற்று உருட்டிவைப்பாள். ஒரே பக்கம் நின்றால் டயர் சப்பையாகிவிடும்.

அவள் அக்கா இருக்கும் ஊருக்கு நேராகப் பறந்துகொண்டிருந்தது இந்த விமானம்தான். ஐந்தரை மணி நேரம். எஞ்சின் போனது ஒருபக்கம், கேட்ட புது விமானங்களை ஆலை நேரத்துக்குத் தராதது மறுபக்கம். விமானக் கம்பெனி அந்தத் தடத்தையே நிறுத்திவிட்டது. இப்போது இரண்டு இடத்தில் மாறி, இருபத்திரண்டு மணி நேரம். அக்காவின் நுரையீரல் அதைத் தாங்காது, நேர் விமானமென்றால் பார்க்கலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இங்கே படுக்கையாகக் கிடக்கும் அம்மாவுக்கோ பெரியவளை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

தினமும் போனில் அக்கா கேட்பாள்.

"உன் பிளேன் எப்ப எழும்பும்டி?"

"அடுத்த மாசம்க்கா."

"உன் அடுத்த மாசத்துக்கு ஒரு வயசு முடிஞ்சிடுச்சு. இனி நடக்கப் பழக்கலாம்."

அன்று காலை மேஸ்திரி ஒரு தாளோடு வந்தார்.

"முன் கண்ணாடியக் கழட்டணும். ஓடுற பிளேன் ஒண்ணுல விரிசல். புதுசு வர ஆறு மாசமாகுமாம்."

"என் பிளேன்லேருந்தா?"

"உன் பிளேனா? உங்கப்பா வாங்கி வெச்சாரா?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "வேற யாரையாவது அனுப்பட்டுமா?"

"வேணாம் சார். விளிம்பைக் கீறிடுவாங்க." ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டே கேட்டாள்: "எஞ்சின் வந்தா திருப்பி மாட்டிடுவோம்ல?"

மேஸ்திரி பேனா மூடியைத் திறந்து மூடினார். "எஞ்சினுக்கு நிக்கிற வரிசையிலேருந்து இதோட நம்பரை எடுத்துட்டாங்கம்மா. போன வாரமே. இனிமே இதுலேருந்து எடுக்கறதுதான், போடறது இல்ல."

ஒவ்வொரு திருகாகக் கழற்றி, எண் எழுதிய பையில் போட்டாள். கண்ணாடியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். ஓட்டையில் பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டினாள். பிறகு விமானத்துக்குள்ளேயே பின்னால் போய், இருக்கை வரிசையொன்றில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டாள்.

"என்னடி, இந்நேரத்துல? அம்மாவுக்கு எதாவது..."

"அம்மா நல்லா இருக்காங்க. அக்கா, பிளேன் எழும்பாது."

"அடுத்த மாசமுமா?"

"எந்த மாசமும்."

மறுமுனையில் ஆக்சிஜன் மெஷின் புஸ் புஸ்ஸென்றது.

"நீ இப்ப எங்க இருக்க?"

"அதுக்குள்ளதான். சீட்ல உட்கார்ந்திருக்கேன்."

"கால் நீட்ட இடம் இருக்கா?"

"இருக்கு."

"ஒழுங்காச் சொல்லு. எனக்கு முட்டி வலி."

"கொஞ்சம் கம்மிதான்க்கா."

"அப்ப நல்லதாப்போச்சு." அக்கா சிரிக்கப் பார்த்தாள், அது இருமலாகி, அடங்க வெகுநேரம் பிடித்தது. "மூக்கை உறிஞ்சாத, காது வலிக்குது. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத. நான் பேசிக்கறேன்."

சாயங்காலம் அம்மாவின் காதில் போனை வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பம்மா வர்ற?"

"அடுத்த மாசம் வர்றேன்மா. டிக்கெட் போட்டாச்சு."

போனைக் காதிலிருந்து எடுத்த பிறகும் அம்மா தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. கண் பளபளத்தது.

"இத்தனை நாளா சின்னவளைக் கேளு, சின்னவளைக் கேளும்பா. இன்னைக்குத்தான் அவ வாயால சொல்லியிருக்கா. கேட்டியா நீ?"

"கேட்டேன்மா."

"உன் ரூமை அவளுக்குக் குடுத்துடு. இருமுறவ, தனியாப் படுத்தாத்தான் தூங்குவா."

"குடுத்துடறேன்."

"அப்பறம் அப்பறம்னு இழுப்ப நீ. இப்பவே பீரோவைக் காலி பண்ணி, துணியெல்லாம் இங்க கொண்டுவந்து வை. நான் பாக்கணும்."

இளையவள் போய்ப் பீரோவைத் திறந்தாள். புடவைகளைக் கைகொள்ளுமட்டும் அள்ளி வந்து, அம்மா பார்க்கும்படி நாற்காலிமேல் அடுக்கிவிட்டு, மிச்சத்தை எடுக்கத் திரும்பிப் போனாள்.